யாரால் கண்டெடுக்கப்பட்டாள்

ஞானசிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஸ்வீடிஷ் மொழியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரனுக்கும் ஸ்வீடிஷுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவன் அவன்.

சலாலாவில் ஒரு கடலோர ஹோட்டலில் எங்களுக்கு வேலை. நான் ஸ்டோர் கீப்பர். பெயர் முகம்மது யூசுப், சொந்த ஊர் மேலப்பாளையம். ஞானசிங் பீச்சில் லைஃப்கார்ட். இரண்டு பேருக்கும் ஒரே ரூம். அவன் என்னை ‘பாய்’ என்பான், நான் அவனை ‘வே’ போட்டுக் கூப்பிடுவேன். உயரமான ஆள், அகன்ற தோள். மழைக்காலத்தில் சலாலாக் கடல் வெறி பிடித்துக் கிடக்கும்போதும் இறங்கக்கூடியவன். உடம்பில் ஒரே ஒரு குறை, வலது காதில் எப்போதும் சீழ். இடது காதும் சுமார்தான். அதனால் ஊருக்கு ஃபோன் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அவன் குடும்ப விவகாரம் எல்லாம் எனக்கும் தெரிந்துபோகும். காதைப் பொத்திக்கொண்டு உட்கார நான் ஒன்றும் மகான் இல்லை.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷக் குளிர்காலத்தில் ஸ்வீடன்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் ஊரில் அப்போது சூரியனே கிடையாதாம். சலாலா வெயிலில் வந்து, கருவாடு காயப் போட்ட மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். அவர்களை அழைத்து வந்த டூர் கம்பெனியின் ஆளாக பிர்கிட்டா என்று ஒரு அம்மாள் சீசன் முழுக்க ஹோட்டலிலேயே தங்கியிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். முன்பு ஸ்வீடனில் அகதியாக வந்தவர்களுக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுத்த டீச்சர். பழக்கம் விடுமா? மத்தியானச் சாப்பாடு முடிந்து ஸ்டாஃப் கேன்டீன் காலியானதும் எங்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். வகுப்புக்கு வந்தால் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த இஞ்சி பிஸ்கட் கிடைக்கும். நான் போனது பிஸ்கட்டுக்காக. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஞானசிங்குக்குப் பெயர்ச்சொல் எதுவும் மண்டையில் ஏறவில்லை. முள்கரண்டிக்கும் பாலத்துக்கும் ஸ்வீடிஷில் என்ன என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். அந்த அம்மாளும் சலிக்காமல் சிரிப்பார். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செயப்பாட்டுவினை வந்தது.

அவர் ஹோட்டல் முழுக்க ஸ்வீடிஷில் அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தார். அன்றைக்கு அதிலிருந்தே பாடம். “ஃப்ரூகோஸ்ட் செர்வேராஸ்” என்றால் காலைச் சாப்பாடு பரிமாறப்படும். “பூலென் ஸ்டெங்ஸ்” என்றால் நீச்சல் குளம் மூடப்படும். “ஸ்டெங்கர் என்றால் மூடுகிறார். கடைசியில் உள்ளதை எடுத்துவிட்டு ஒரு ‘ஸ்’ போடுங்கள், ஸ்டெங்ஸ். மூடுகிற ஆள் போய்விட்டார், பார்த்தீர்களா? கதவு மட்டும் இருக்கிறது” என்று இங்கிலீஷில் விளக்கினார். ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் பின்னால் ‘ஆவ்’ என்று போட்டு இன்னாரால் என்று சேர்த்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டாலும் வாக்கியம் முழுசாகவே நிற்கும்.

இதில் என்ன அதிசயம் என்று எனக்குத் தோன்றியது. நம் பள்ளிக்கூடத்திலும் செயப்பாட்டுவினை படித்திருக்கிறோம். பரீட்சை எழுதியதோடு சரி. வீட்டில் போய், ‘மீன் என்னால் வாங்கப்பட்டது’ என்று சொன்னால் பெண்டாட்டி நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். ஆனால் கல்ஃபில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது தாய்மொழி. லீவு ரத்து செய்யப்பட்டது. ரூம் மாற்றப்பட்டது. யார் ரத்து செய்தார், யார் மாற்றினார் என்று கேட்டால் ஆள் இருக்காது. ரிசப்ஷனில் இருந்த சேதுமாதவன், “மேடம், இவிடெ எல்லாம் ஸ் தான்” என்றான். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, நாங்கள் சிரித்தோம்.

ஞானசிங் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றையிலிருந்து ஆளே மாறிவிட்டான். பீச்சில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுப்பான். குடை விரிக்கப்படுகிறது. துண்டு எடுக்கப்படுகிறது. இளநீர் வெட்டப்படுகிறது. கண்ணில் பட்டதற்கெல்லாம் ஸ் போட்டான். ரூமிலும் அதே கதைதான்.

“பாய், ஒங்க சோப்பு எடுக்கப்பட்டிருக்கு” என்றான் ஒருநாள்.

“யாராலவே?”

“அது சொல்லண்டாம் பாய். அதாக்கும் இதில உள்ள சொகம்.”

சோப்பு போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். சொகம் என்று சொன்னபோது அவன் முகம் அப்படிச் சொல்கிறவன் முகமாக இல்லை. அதையும் விட்டுவிட்டேன்.

அவனுக்கு ஒரு மகள் இருந்தாள், அக்ஸா. சுனாமி வந்தபோது ஆறு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானசிங் இதே பீச்சில் டூட்டியில் இருந்தான். கடல் திடீரென்று உள்வாங்கியதை முதலில் பார்த்தவன் அவன்தான். விசில் ஊதி, கத்தி, படுத்திருந்த வெள்ளைக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்து மேட்டுக்கு ஏற்றினான். துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பலே கயிறு அறுந்து சுற்றியது என்று பிறகு சொன்னார்கள். எங்கள் பீச்சில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மேனேஜர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஊரில் அவன் வீடு எப்போதோ இல்லாமல் போயிருந்தது.

பாஸ்போர்ட் எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் ஆபீஸில் இருந்தது, கஃபீல் மஸ்கட்டில் இருந்தார். எல்லாம் கைக்கு வந்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, ஊருக்குப் போனபோது அடக்கம் முடிந்துவிட்டது. மனைவி தேவகனி காலில் கட்டோடு நிவாரண முகாமில் கிடந்தாள். மச்சான் விஜின்தான் கோயில் பக்கத்துக் கல்லறைக்குக் கூட்டிப்போனான். நீளமான குழி, மேலே புது மண், வரிசையாகப் பெயர்கள். ‘அக்ஸா’ என்ற பெயரும் இருந்தது. பிள்ளை மறுநாள் கண்டெடுக்கப்பட்டாள், கவுனை வைத்து அடையாளம் காணப்பட்டாள், அடக்கம் செய்யப்பட்டாள் என்று விஜின் சொன்னான். இவ்வளவுதான் ஞானசிங்குக்குத் தெரியும். திரும்பி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கடலுக்கு முதுகைக் காட்டி அவன் நின்று அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வகுப்புக்கு வருகிறேன். ஒருநாள் பிர்கிட்டா, யாராவது ஒருவருடைய வாழ்க்கையை முழுக்க ஸ் போட்ட வினைகளாலேயே சொல்லுங்கள் என்றார். சேதுமாதவன் மேனேஜரின் வாழ்க்கையைச் சொன்னான். பிறந்தார், ஊட்டப்பட்டார், மறுபடி ஊட்டப்பட்டார், கல்ஃபுக்கு அனுப்பப்பட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்தது ஞானசிங். கோயிலில் வாசகம் வாசிக்க நிற்கிறவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

“ஹுன் ஃபெத்தெஸ்” என்றான். அவள் பிறந்தாள். அந்த மொழியில் பிறப்பதற்கும் ஸ் தான்.

“ஹுன் டெப்தெஸ்.” அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது.

“ஹுன் தூக்ஸ்.” அவள் எடுத்துக்கொள்ளப்பட்டாள்.

“ஹுன் ஹித்தாதெஸ். ஹுன் பெக்ராவ்தெஸ்.” கண்டெடுக்கப்பட்டாள், அடக்கம் செய்யப்பட்டாள்.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் ‘பிரா’ என்று சொல்லிப் பாராட்டவில்லை. “தூக்ஸ் என்றால், யாரால்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆவ் ஹாவெத்” என்றான். கடலால்.

பிர்கிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய தங்கை மகன் அதே நாளில் தாய்லாந்தில் போனவன். கிறிஸ்துமஸ் லீவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் அந்த நாளை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்றிருந்தேன். ஸ்வீடனில் எத்தனையோ வீடுகளில் அந்த நாள் அப்படியே உட்கார்ந்திருக்கிறதாம். அந்தப் பையன் கிடைக்க வெகு மாதங்கள் ஆயிற்று. பல்லை ஒப்பிட்டு, ரத்தத்தை ஒப்பிட்டு, கடைசியில் சின்னப் பெட்டி ஒன்று விமானத்தில் வந்தது. “அதுவரைக்கும் என் தங்கை ஃபோன் பக்கத்திலேயே தூங்கினாள்” என்றார்.

பிறகு அவர் கேட்டது எந்தத் தாயும் பெரியம்மாவும் கேட்கிற கேள்விதான். “உன் பெண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?”

“கவுனை வச்சு மேடம். நான் இங்கேயிருந்து அனுப்பின கவுன்.”

“அதே மாதிரி கவுன் வேறு யாரிடமும் இல்லையா? எங்களிடம் போலீஸ் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அதே கால்சட்டை அந்தக் கடற்கரையில் வேறு எத்தனை பையன்கள் போட்டிருந்தார்கள், யோசியுங்கள் என்றார்கள்.”

ஞானசிங் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. அப்படியே வகுப்பை விட்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். கவுன் எடுத்தபோது நானும் கூட இருந்தேன். கல்ஃபிலிருந்து வீட்டுக்குத் துணி எடுக்கிற யாரும் ஒன்றாக எடுக்க மாட்டார்கள். ஒன்று அனுப்பினால் நம் பிள்ளை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று பார்க்கும். அந்த மனத்தாங்கல் வேண்டாம் என்று ஒரே நிறம், ஒரே தினுசில் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். ஞானசிங் மூன்று மஞ்சள் கவுன் எடுத்தான், இடுப்பில் வெள்ளை நாடா வைத்தது. ஒன்று அக்ஸாவுக்கு. ஒன்று நாகர்கோவிலில் இருக்கும் தங்கை மகளுக்கு. ஒன்று சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் இருந்த ரெஷ்மாவுக்கு. ரெஷ்மாவும் அக்ஸாவும் ஒரே வகுப்பு, ஒரே உயரம். கிறிஸ்துமஸுக்கு உடுத்திய புதுத் துணியோடு மறுநாள் ஞாயிறு பூசைக்கும் போய்விட்டு, இரண்டும் சேர்ந்துதான் கடற்கரைக்கு ஓடியிருக்கின்றன.

ரெஷ்மா கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பீச்சில் குடைகளை மடக்கி வைத்துவிட்டு அவனே வாயைத் திறந்தான். ரெஷ்மாவின் அம்மா பெயர் ஜெசிந்தா. கணவனும் அலையில் போனான். மகள் உயிரோடு இருக்கிறாள், யாரோ தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிறார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு ஃபோட்டோ. தூத்துக்குடி, வேளாங்கண்ணி, மதுரை என்று அநாதை விடுதி விடுதியாக ஏறி இறங்கினாள். சுனாமிப் பிள்ளைகளைக் கல்ஃபுக்குக் கடத்திப் போய்விட்டார்கள் என்று எந்தப் பாவியோ அவளிடம் சொல்லிவிட்டான். அதிலிருந்து மாதம் தவறாமல் ஞானசிங்குக்கு ஃபோன். ‘அண்ணே, அங்க எனக்க பிள்ளையக் கண்டியளா?’

பீச்சுக்கு வரும் பெண் குழந்தைகளிடமெல்லாம் அவன் பெயர் கேட்பது எனக்குத் தெரியும். ஒமானிப் பிள்ளை, மலையாளத்துப் பிள்ளை என்று பார்க்க மாட்டான், குனிந்து பெயர் கேட்பான். அதற்காக மேனேஜரிடம் திட்டும் வாங்கியிருக்கிறான். மகள் நினைப்பில் கேட்கிறான் என்றுதான் நான் இருந்தேன்.

“எனக்க பிள்ளைக்க குழியில ஜெசிந்தாக்க பிள்ளை கெடக்குதோன்னு எனக்கு முதல்லேயே ஒரு இது உண்டு பாய்” என்றான். “கல்லறையில நிக்கும்போதே வந்துது. மூணு கவுனும் நான்தான எடுத்தேன். அவ ஃபோன்ல கேக்கும்போதெல்லாம், தேடுதேன் தங்கச்சின்னு சொல்லுதேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “பிறகென்னவே? அந்தப் பொம்பளையிட்ட சொல்லிற வேண்டியதுதானே? ஊர் ஊராச் செருப்புத் தேய அலையுதா.”

“சொன்னா அவளுக்குப் பிள்ள செத்துப்போவும். எனக்க வீட்டுக்காரிக்குக் கல்லறையும் போயிரும். அந்தக் கல்லைப் பிடிச்சாக்கும் அவ உயிரோட இருக்கா. ரெண்டு பேரையும் ஒரே வாக்குல கொல்லவா?”

“அப்போ சொல்லாத.”

“சொல்லல்லன்னா ஜெசிந்தா சாவுறது வரைக்கும் நடப்பா.”

ஸ் போட்டுப் போட்டு அவன் யாரை மறைத்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் விளங்கியது. கடலை அவன் மறைக்கவில்லை, அதைத்தான் வகுப்பில் பளிச்சென்று சொன்னானே. உடலைப் பார்த்து, இது அக்ஸா என்று சொன்ன ஆள் யார் என்பதை அவன் நாலு வருஷமாக யாரிடமும் கேட்காமல் இருந்தான்.

இரண்டு வெள்ளிக்கிழமை போயிற்று. அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், வாய் திறக்கவில்லை. பிர்கிட்டாவும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுதுவிட்டு ரூமுக்கு வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து ஃபோனை வெறித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “பாய், போவண்டாம், இருங்க” என்றான். நம்பரைப் போட்டான், வழக்கம்போல ஸ்பீக்கரில்.

தேவகனி எடுத்தாள். சாப்பிட்டியளா, காது எப்படி இருக்கு என்று ஆரம்பித்தாள். அவன் இடையிலேயே கேட்டுவிட்டான்.

“தேவு, அக்ஸாவ அடையாளம் காட்டினது ஆரு? விஜினா?”

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

“இப்பம் எதுக்கு அது?” என்றாள்.

“சொல்லு.”

“நானாக்கும்.”

“ஒனக்குக் கால் ஒடிஞ்சில்லா கெடந்துது?”

“விஜின் வந்து, மஞ்சக் கவுனு போட்ட பிள்ள ஒண்ணு கெடக்கு, மூஞ்சி தெரியல்ல, நீ வந்து பாருன்னு சொன்னான். ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாவ. நான் பாத்தேன்.”

“அக்ஸாதானா?”

“இல்ல.”

ஞானசிங் ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டான். அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவளும் இத்தனை வருஷம் யாராவது கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தாள் போல.

“நம்ம பிள்ளைக்குக் காது குத்தல்லையே. அப்பா லீவுக்கு வந்த பொறவு ராஜாவூர் கோயில்ல வச்சுக் குத்தலாம்னு நீங்கதானே சொன்னிய. அந்தப் பிள்ளைக்குக் காதில கம்மல் கெடந்துது, சின்ன சிவப்புக் கல்லு. ஜெசிந்தா எனக்க மடியில வச்சுத்தான் ரெஷ்மாக்குக் காது குத்தினா. எனக்குத் தெரியாதா அந்தக் கம்மலு?”

“தெரிஞ்சிட்டா சொன்ன?”

“ஜேசிபி வந்து நிக்குது. பேரு உள்ள பிள்ளையள ஒரு எடத்துல வைக்கியாவ, பேரில்லாததுகள வேற குழியில தட்டியாவ. ரெஷ்மான்னு சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஜெசிந்தாவும் போயிட்டா, அவ மாப்பிளையும் போயிட்டான், அந்த வீட்டில ஆருமில்லன்னு ஒருத்தன் சொன்னான். ஆருமில்லாத பிள்ளையா அது போவுதேன்னு...” அவள் மறுபடி தொடங்கினாள். “இது மட்டும் இல்ல. எனக்கும் பொதைக்க ஒரு பிள்ள வேணும்னு இருந்துது. எனக்க மகளாக்கும்னு சொல்லிட்டேன். கம்மல நான்தான் கழத்தினேன். எங்கிட்டதான் இருக்கு.”

நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். ஞானசிங் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

“பத்து நாளு களிச்சு ஜெசிந்தா ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில இருந்து நடந்து வந்தா. அக்கா, ரெஷ்மாவக் கண்டியான்னு கேட்டா. இல்லன்னு சொன்னேன். அந்த ஒரு வாக்குதான். அதுக்குப் பொறவு எப்பிடிச் சொல்ல? வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு எங்கூட வருதா. மெழுகுதிரி வாங்கிட்டு வருதா. நான் அழும்போது முதுகைத் தடவி, ஒனக்காவது ஒரு குழி கிடைச்சுதே அக்கா, அழாதன்னு சொல்லுதா. அவ பிள்ளைக்க தலைமாட்டில நின்னு எனக்கு ஆறுதல் சொல்லுதா.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன். ஞானசிங் அழவில்லை. “அப்பம் அக்ஸா?” என்று மட்டும் கேட்டான்.

“தெரியல்ல” என்றாள் தேவகனி.

எத்தனையோ பயந்திருந்தான், இதை மட்டும் நினைக்கவில்லை. அந்தக் குழியில் இருப்பது அக்ஸாவாக இருக்கலாம், இல்லை ரெஷ்மாவாக இருக்கலாம் என்றுதான் அவன் மனசு ஊசலாடிக்கொண்டிருந்தது. இப்போது கிடைக்காத பிள்ளை அவன் பிள்ளை.

“ஜெசிந்தாகிட்ட சொல்லணும்” என்றான் கடைசியில். “நான் வந்து சொல்லவா?”

“வேண்டாம். நானாக்கும் சொன்னது. நானே சொல்லுதேன்” என்று அவள் ஃபோனை வைத்தாள்.

அடுத்த வகுப்புக்கு ஞானசிங் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். பிர்கிட்டா வேறு ஏதோ பாடத்தில் இருந்தார். இவன் கையைத் தூக்கி, “மேடம், முன்னே சொன்னதில் ஒரு தப்பு” என்றான். “ஹுன் ஹித்தாதெஸ் இன்தெ.” அவள் கண்டெடுக்கப்படவில்லை. அந்த அம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பாடம் அத்தோடு சரி.

ஊரில் நடந்ததை விஜின் ஃபோனில் சொன்னான். தேவகனி கம்மலைக் கொண்டுபோய் ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். சுனாமிக் குடியிருப்பே கூடிவிட்டது. ஜெசிந்தா அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் கதவு திறக்கவில்லை. ஃபாதர் வந்து தட்டியும் திறக்கவில்லை. தேவகனி அந்த வாசலிலேயே பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாள். பட்டினி கிடந்து அவளும் செத்துப்போனால் என்ன செய்வது என்று ஞானசிங் லீவுக்கு எழுதிக் கொடுத்தான். ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. நான் மேனேஜர் அறைக்கே போய்க் கத்தினேன். கத்தியதில் என் வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் மத்தியானம் அவன் ஃபோன் அடித்தது. ஜெசிந்தாவின் நம்பர். எடுக்கப் பயந்து என்னைப் பார்த்தான். நான்தான் பட்டனை அமுக்கினேன்.

“அண்ணே” என்றாள். குரல் கரகரவென்று கட்டிப்போயிருந்தது.

“தங்கச்சி” என்றான்.

“ஒங்க வீட்டுக்காரி வாசல்ல கெடக்கா. எந்திச்சுப் போவச் சொல்லுங்க. அவகிட்ட இனி நான் பேச மாட்டேன் அண்ணே. சாவுறது வரைக்கும் பேச மாட்டேன்.”

“செரி தங்கச்சி.”

“நாலு வருசம் என்னை நடக்க விட்டாளே. ஒரு வாக்கு சொல்லல்லையே.” அவள் அழுதாள். பெரிதாக, வாய்விட்டு அழுதாள். ஞானசிங் ஃபோனின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், அவள் எதிரே நிற்பது போல.

அழுகை நிற்க வெகுநேரம் ஆயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் மறுபடி பேசினாள்.

“அண்ணே, ஒரு காரியம். அக்ஸாக்க ஃபோட்டோ ஒண்ணு விஜின்கிட்ட குடுத்து விடச் சொல்லுங்க. மூஞ்சி நல்லாத் தெரியிறதா இருக்கணும். எனக்கு விடுதியள்ல உள்ள அந்த சிஸ்டர்மாரு எல்லாரையும் தெரியும். நான் இன்னும் போவாத விடுதி கொஞ்சம் கெடக்கு, அங்கெல்லாம் நான் போய்க் கேக்கேன்.”